சூரியன் இல்லாமற் போனால்

"நாளைக்குச் சூரியன் உதிக்காமலே இருந்துவிட்டால் என்ன ஸார் ஆகும்?" என்ற கேள்வியைப் பிள்ளைகள் வகுப்பில் ஆண்டு தவறாமல் கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளையின் மனத்திலுள்ள முக்கியமான கவலை, அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டா என்பதுதான் என்று நமக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. சம்பாதிக்கிறவர் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு குடும்பத்துக்குத் தன்னுடைய வரவு என்ன, கையிருப்பு என்ன, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் விளங்குகின்றன. பூமி என்னும் பெரிய குடும்பத்துக்கும் அப்படியேதான்.

சூரியன் திடீரென்று மாயமாய் மறைந்துவிட இயற்கையில் வழி எதுவும் இல்லை. அத்தனை பெரிய பொருள் சுவடில்லாமல் போக முடியாது. ஆகவே நேயர்கள் அச்சமின்றி நம்முடன் வரலாம். ஒரு கணக்குக்காக மட்டும், இன்று நடுப்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் இல்லாமற் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம்.

எட்டு நிமிஷ அவகாசம்

பன்னிரண்டு மணி அடித்த பிறகும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். சூரியன் நமக்கு ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகமோ விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கணக்குப் போட்டால், புறப்பட்ட ஒளி நம்மை வந்து சேர 8 நிமிஷம் 20 விநாடி செல்லும். ஒளிக்கு இப்படிப் பிரயாண நேரம் உண்டு என்பதை, வியாழனுடைய சந்திரன் ஒன்றின் கிரகணங்களைக் கவனித்து வந்த ரோமர் என்ற டேனிஷ் வான சாஸ்திரி 1676ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். நாம் எந்த நேரத்திலும் காண்பது எட்டு நிமிஷத்துக்கு முந்திய சூரியனையே. அனுப்பியவர் போன பிறகும் தபாலில் வந்துகொண்டிருக்கும் கடிதங்களைப் போல, கடைசிக் கிரணங்கள் வந்து சேரும் வரையில் உலகத்தில் ஒருவருக்கும் சந்தேகமே தோன்றாது.

ஒளி போகட்டும், பூமியைத் தன்னைச் சுற்றிவரச் செய்யும் சூரியனுடைய ஆகர்ஷண சக்தி உடனே அற்றுப் போகாதா? நியூட்டனின் கொள்கைப்படி அது அந்த க்ஷணமே அற்றுப் போகவேண்டும். ஆகர்ஷணத்தில் ஏற்படும் மாறுதலும் ஒளியின் வேகத்திலேதான் பரவும் என்பது ஐன்ஸ்டீனுடைய கொள்கை. இதற்குக் கண்கூடான சான்று 2017 ஆகஸ்டு 17ஆம் தேதி கிடைத்தது. எங்கோ தொலைவில் இரண்டு நியூட்ரான் நக்ஷத்திரங்கள் மோதிக்கொண்டன. அவற்றின் ஆகர்ஷண அலைகளும் காமா கிரணங்களும் சுமார் 13 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து, இரண்டு விநாடிகூட வித்தியாசம் இல்லாமல் பூமிக்கு வந்து சேர்ந்தன. ஆகவே 12 மணி 8 நிமிஷம் 20 விநாடி வரையில் பூமியும், இல்லாத சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு, கவணின் வார் விட்டுப்போன கல்லைப் போல, விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் புறப்பட்டுவிடும். வண்டி திரும்பும்போது உடம்பு சாய்வதுபோல நாம் சாய்ந்துவிடுவோமோ என்று பயப்படவேண்டாம். நம்மைப் பூமியோடு பிடித்துவைத்திருப்பது பூமியின் ஆகர்ஷணமே. சந்திரனும் பூமியை விடாமல் கூடவே வரும்.

பூமியின் மறுபக்கத்தில் அப்பொழுது நடுராத்திரி. அங்கே பௌர்ணமி நிலா காய்ந்துகொண்டிருந்தால், அது நமக்கு வெயில் மறைந்து இரண்டரை விநாடிக்கெல்லாம் அணைந்துபோகும். நிலவு இரவல் ஒளிதானே! ஆனால் வியாழன் அன்று சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்குமானால், மேலும் ஒரு மணி 10 நிமிஷம் வரையில் வானத்தில் பிரகாசித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கிரணங்கள் அதுவரை சென்று திரும்பி வரவேண்டுமல்லவா? நக்ஷத்திரங்களோ சொந்த ஒளி உள்ளவை. அவை மட்டும் ஒன்றும் நடவாததுபோல் ஜொலித்துக்கொண்டிருக்கும்.

வரவும் கையிருப்பும்

இனிக் குடும்பக் கணக்கைப் பார்ப்போம். பூமிக்குச் சூரியனைத் தவிர வேறு வருமானம் உண்டா? உண்டு. பூமியின் வயிற்றில் உஷ்ணம் இருக்கிறது. அது மெல்ல மெல்ல மேலே கசிந்து வருகிறது. ஆனால் அதன் அளவைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். சூரியனிடமிருந்து பூமி பெற்றுக்கொள்ளும் உஷ்ணம் 2,500 ரூபாய் என்றால், பூமியின் வயிற்றிலிருந்து மேலே வருவது 1 ரூபாய்! இந்த ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு பூமி எவ்வளவு உஷ்ணத்தோடு இருக்க முடியும் என்று கணக்கிட்டால், பூஜ்யத்துக்குக் கீழே 235 டிகிரி சென்டிகிரேடு அளவில் வந்து நிற்கும்.

அந்த நிலைக்கு ஒரே நாளில் இறங்கிவிடுமா என்றால், இல்லை. அதற்குக் காரணம் கையிருப்பு. காற்றின் கையிருப்பு மிகவும் சொற்பம். வானம் தெளிந்த ஓர் இரவில் பாலைவனம் எப்படிக் குளிர்ந்துவிடுகிறது என்பதே இதற்குச் சாட்சி. பெரிய தனவந்தர் சமுத்திரம்தான். வான மண்டலம் முழுவதிலும் உள்ள காற்றின் உஷ்ணக் கொள்ளளவு, கடலின் மேல்மட்டத்தில் இரண்டரை அல்லது மூன்று மீட்டர் ஆழமுள்ள நீரின் கொள்ளளவுக்குத்தான் சமம். கடலின் சராசரி ஆழமோ மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆகவே உள்நாட்டு ஊர்கள் சில நாட்களில் உறைந்துபோகும்போது, கடற்கரை ஊர்களில் மூடுபனியோடு வாழ்க்கை இன்னும் கொஞ்ச நாள் நடக்கும்.

இன்று பூமியின் சராசரி உஷ்ணநிலை 15 டிகிரி. சூரியன் போன ஒரு வாரத்துக்குள் அது உறைநிலைக்குக் கீழே போகும் என்பதும், ஓராண்டு முடிவில் பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரியை எட்டும் என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவ்வளவு குளிரை மனிதர் பார்த்ததே இல்லையோ என்றால், பார்த்திருக்கிறார்கள். தென் துருவத்தில் ஆண்டுதோறும் ஆறு மாதம் சூரியன் தலைகாட்டுவதில்லை. அந்தக் கண்டத்தில் சோவியத் நாட்டார் நிறுவிய வோஸ்தோக் நிலையத்தில், 1983 ஜூலை 21ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 89.2 டிகிரி பதிவாயிற்று. வருமானமற்ற அந்தப் பிரதேசம் அந்த மட்டிலாவது நிற்பதற்குக் காரணம், வெயிலுள்ள தேசங்களிலிருந்து காற்றும் கடலும் விடாமல் உஷ்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பதே. உறவினர் அனுப்பும் மணியார்டரில் காலக்ஷேபம் நடக்கிறது. சூரியனே போய்விட்டால் மணியார்டர் அனுப்ப யார் இருக்கிறார்கள்?

மூச்சு முட்டிப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை. வெயில் போன கணமே இலைகள் உணவு தயாரிப்பதை நிறுத்திவிடும். புதிய பிராணவாயு உண்டாகாது என்பது உண்மை. ஆயினும் காற்றில் இப்பொழுது உள்ள பிராணவாயு, மனிதர் சுவாசிப்பதற்கு மட்டும் என்றால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் போதும். பற்றாக்குறை வருவது களஞ்சியத்தில். உலகத்தில் ஓர் அறுவடைக்கும் மறு அறுவடைக்கும் இடையே மிஞ்சிக் கிடக்கும் தானியம் ஏறக்குறைய மூன்று நான்கு மாதச் செலவுக்குத்தான் காணும். மூச்சுக்குப் பல்லாயிரம் ஆண்டு, சோற்றுக்கு நாலு மாதம்: இதுதான் நம்முடைய ஐசுவரியத்தின் லக்ஷணம்.

அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் சென்றால், காற்றுக்கே குளிர் தாங்காது. முதலில் கரியமிலவாயு பனியாக உதிரும். 183 டிகிரி குறைவில் பிராணவாயுவும், 196 டிகிரி குறைவில் நைட்ரஜனும் திரவமாகத் தொடங்கும்; அதற்கும் கீழே இரண்டும் உறைந்துவிடும். ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் இப்பொழுது சுமார் 10 டன் காற்று நிற்கிறது. அது அத்தனையும் உறைந்து படிந்தால், மூன்று மாடி வீட்டின் உயரத்துக்கு, அதாவது சுமார் 10 மீட்டர் கனத்துக்கு, பூமியைப் போர்த்துக் கிடக்கும்.

எஞ்சி நிற்பவர்கள் யார்?

சமுத்திரம் மேலிருந்து உறையும். பனிக்கட்டி நீரில் மிதப்பது நாம் செய்த பாக்கியம். அது மேலே நின்று கம்பளி போலக் கீழேயுள்ள உஷ்ணத்தைக் காப்பாற்றும். அடிவரை உறைவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கலாம்.

அந்த அடித்தளத்திலே சூரியனை அறியாத ஜீவன்கள் இருக்கின்றன. 1977ஆம் ஆண்டில் காலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் இறங்கிய விஞ்ஞானிகள் கடலடியில் வெந்நீர் ஊற்றுக்களைக் கண்டார்கள். சுற்றிலும் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் கூட்டமாக வாழ்ந்தன. ஊற்றில் வரும் கந்தக வாயுவைக்கொண்டு நுண்ணுயிர்கள் உணவு சமைக்க, மற்றவை அதை நம்பிப் பிழைக்கின்றன. ஆனால் அந்தப் புழுக்கள் சுவாசிக்கும் பிராணவாயு, மேலே வெயிலில் உண்டாகிக் கீழே இறங்கியது. ஆகவே அவையும் மறைமுகமாகச் சூரியன் வீட்டுச் சோற்றைத்தான் தின்கின்றன. உண்மையிலேயே கடன்படாத ஜீவன் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு தங்கச் சுரங்கத்தின் பாறை நீரில் அகப்பட்டது. பாறையின் கதிரியக்கத்தால் நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜனைக்கொண்டு அந்த நுண்ணுயிர் தன்னந்தனியாகக் காலந்தள்ளுகிறது. சூரியன் போன செய்தி அதற்கு எட்டவே எட்டாது.

மனிதர் நிலை? ஐஸ்லாந்து தேசத்தில் வீடுகளில் பத்துக்கு ஒன்பது, பூமியின் வெந்நீரால் உஷ்ணமூட்டப்படுகின்றன. தலைநகரான ரெய்க்யவிக்கில் 1930ஆம் ஆண்டில் குழாய் வழியாக இந்த வெந்நீரை முதன்முதல் பெற்ற கட்டிடங்களில் ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்தது என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. அத்தகைய இடங்களிலும் அணு உலைகளின் அருகிலும் சிறு கூட்டத்தார் சில காலம் தாக்குப்பிடிக்கலாம். மற்றவர்களுக்கு வழி தெரியவில்லை.

வருமானம் கொஞ்சம் குறைந்தபோது

இதெல்லாம் கற்பனைதானே என்று நேயர்கள் புத்தகத்தை மூடிவிடலாகாது. சூரியன் மறையவில்லை, ஒரு மெல்லிய திரை மட்டும் விழுந்தது என்பது பூமியில் நடந்த கதை. 1815 ஏப்ரலில், இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயு வான மண்டலத்தின் மேல்தட்டில் நுண்துளிகளாகி உலகெங்கும் பரவிச் சூரிய ஒளியில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்பியது. பூமியின் சராசரி உஷ்ணநிலை குறைந்ததெல்லாம் அரை டிகிரி அளவே. அந்த அரை டிகிரியால், மறு ஆண்டு 1816இல், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளில் ஜூன் மாதத்தில் பனி பெய்தது. ஐரோப்பாவில் பயிர்கள் அழுகின. தானிய விலை ஏறியது. பசித்த ஜனங்கள் கடைகளைச் சூறையாடினார்கள். "கோடையில்லாத ஆண்டு" என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய திரை 6 கோடி 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்தது. சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று மெக்ஸிகோ நாட்டின் யூகதான் கரையில் மோதியது. தூசியும் கரிப்புகையும் எழும்பிச் சூரியனை மாதக்கணக்காக, ஒருவேளை ஆண்டுக்கணக்காக, மறைத்தன. பூமியிலிருந்த உயிரினங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழிந்தது. மலைபோன்ற டைனோசார்கள் அவற்றில் அடங்கும். அப்பொழுது சூரியன் இருந்த இடத்தில்தான் இருந்தது. சம்பளம் மட்டும் வீடு வந்து சேரவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. சூரியனுடைய நடுவிலுள்ள உலை மட்டும் இன்று அணைந்தால், அதன் ஒளி உடனே மங்கிவிடாது. உள்ளே உண்டாகும் சக்தி மேல்பரப்புக்கு வந்து சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகும், தன் பாரத்தால் தானே சுருங்குவதனால் மட்டும் சூரியன் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒளி வீச முடியும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் என்ற இரு பேரறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டார்கள். உலை அணையும் காலமோ இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. சம்பாதிக்கிறவரிடம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குச் சேமிப்பு இருக்கிறது. அவரை நம்பியிருக்கும் நாமோ அன்றாடங்காய்ச்சிகள். நிலக்கரி, பெட்ரோல் என்று பழைய வெயிலில் விளைந்த புதையல் கொஞ்சம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த அந்தப் புதையலையும் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் செலவழித்துக்கொண்டு வருகிறோம்.

ஆகவே சூரியன் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. இடையில் திரை விழுந்தால் ஒரு பருவமாவது தாங்குகிற தானியம் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று கவலைப்படுவதில் அர்த்தம் உண்டு. அந்தக் கவலை அரசாங்கங்களுக்கு உரியது. வீட்டில் இருப்பவர்கள் இன்றைக்கு மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும்போது, அந்த வெயில் எட்டு நிமிஷத்துக்கு முன் புறப்பட்ட இன்றைய கூலி என்பதை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும். காக்கையையும் சற்றுப் பார்த்துக்கொள்ளவேண்டும்.