துடுப்பு போட்டுப் பாருங்கள்

அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஆலப்புழை அருகே குட்டநாட்டுக்குப் போங்கள். படகு வீடு வேண்டாம். துடுப்பு போடும் சிறு வள்ளம் போதும். பெரிய படகு போக முடியாத கால்வாய்களிலும் அது நுழையும்.

அங்கே நீங்கள் மேலே மிதப்பீர்கள். நெல் வயல் உங்களுக்குக் கீழே கிடக்கும். கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலத்தைச் சுற்றிக் கரை எழுப்பி, தண்ணீரை இறைத்து வெளியேற்றிச் சாகுபடி செய்கிறார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் இதை உலகப் பாரம்பரிய வேளாண் முறையாக அங்கீகரித்தது.

துடுப்பில் சிக்கும் ஆகாயத்தாமரையையும் கவனியுங்கள். உப்புநீர் ஏறாமல் இருக்க, மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைக்கிறார்கள். நெல் பிழைக்கிறது, நீரோட்டம் தடைபடுகிறது. உப்பில் மடியும் ஆகாயத்தாமரை தேங்கிய நன்னீரில் பெருகுகிறது. வயலிலிருந்து வடியும் உரச்சத்து அதற்குத் தீனி.

நம் ஏரிகளிலும் இதே கதைதான். ஊர் திரும்பியதும், அனுபவமுள்ள பரிசல்காரர் ஒருவருடன் உங்கள் ஏரிக்குள் போய்ப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு உடை அணிய வேண்டும். மூங்கில் கழியை ஊன்றி, வண்டல் எங்கே மேடிட்டிருக்கிறது, எந்த வாய்க்கால் வாயில் ஆகாயத்தாமரை அடர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து வயல்காரர்கள் யூரியாவைப் பிரித்து இட்டால் களைக்குப் போகும் சத்து குறையும், செலவும் மிஞ்சும்.

ஜனவரி 26 கிராம சபையில் ‘ஏரியைத் தூர்வாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் மனு கோப்பில் தூங்கும். எந்த இடத்தில், எத்தனை அடி என்று கேளுங்கள்.