மணலில் கற்ற பாடம்

ஆடி மாதத்தில் முக்கொம்புக்குச் செல்லும் குடும்பத்தினர், கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்ப்பதற்கு முன் ஒரு கணம் அணைக்கரையில் நின்று பார்ப்பது நலம். மேற்கிலிருந்து வரும் அகண்ட காவேரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவேரி. இடையே அரங்கன் பள்ளிகொண்ட தீவு.

இவ்விரு கிளைகளுக்கும் நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வந்தது. கொள்ளிடத்தின் படுகை சரிவு மிகுந்தது. காவேரியின் தலைப்போ ஆண்டுதோறும் மணல் மேடிட்டு உயர்ந்தது. பள்ளத்தைக் கண்ட நீர் மேட்டில் ஏறுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கி வீணே கடலுக்குப் போயிற்று. தஞ்சைக் கழனிகள் நீருக்கு ஏங்கின. நிலவரி குறையுமே என்று கும்பினியார் கவலை கொண்டனர். குடியானவனின் கவலை அதற்கு முந்தியது. ஆனால் அது கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை.

இந்த வழக்கைத் தீர்க்க வந்தவர் ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்து, 1821-ல் இந்தியாவுக்கு வந்த பட்டாளத்து இஞ்ஜினீயர். முதல் பர்மா யுத்தத்தில் பணி புரிந்தவர். 1861-ல் ‘சர்’ பட்டமும், 1866-ல் இந்திய நட்சத்திர விருதும் பெற்று, ஜெனரல் பதவி வரை உயர்ந்தார். மார்பில் பதக்கம் தரித்த துரைமார் எத்தனையோ பேரை நம் நாடு கண்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரை நாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. இவரை மறக்க முடியாமைக்குக் காரணம் வேறு.

ஸ்ரீரங்கத் தீவின் கீழ்க்கோடியில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை இருக்கிறது. அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். 1830 அளவில் அங்கே மணற்போக்கி மதகுகள் அமைக்கும் வேலையில் ஈடுபட்டபோது, பழைய கட்டுமானத்தின் உட்புறத்தைக் காட்டன் கண்டார். பெருங்கற்கள் மணலில் தாமே அமிழ, அவற்றின் மேல் மேலும் கற்கள் ஏற்றிக் களிமண்ணால் பிணைத்திருந்தார்கள். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் இடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றோம் என்று அவர் பிற்காலத்தில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆளவந்த இனத்தவர் ஒருவர் அப்படி எழுதியது சிறு காரியமன்று. ஆங்கிலேயர் தம் மொழியில் ‘அனிகட்’ என்று எழுதுவதும் நம் ‘அணைக்கட்டு’தானே!

அந்தப் பாடத்தைக் கொண்டு 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பிலே மேலணை எழுந்தது. பெயர் அவருக்கு; கல்லும் மண்ணும் சுமந்த தோள்கள் நம்மவருடையவை. வேடிக்கை என்னவென்றால், மருந்து அளவுக்கு மேல் வேலை செய்துவிட்டது. காவேரியில் நீர் மிகுந்து படுகையையே அரிக்கத் தொடங்கவே, 1845-ல் அதன் தலைப்பிலும் ஒரு தளச்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. நதியைக் கட்டியவர்களும் நதியிடமே திருத்தம் கற்க வேண்டியிருந்தது.

பின்னர் 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரிக்கு அணை கட்டினார். அக்கரைகளில் இன்றும் அவருக்குச் சிலைகள் பல. ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிடுங்கள் என்று தம் சர்க்காருடனேயே அவர் வாதாடினார். 1878-ல் பார்லிமெண்டுக் குழுவினர் அவரைக் கேள்விகளால் துளைத்தனர். பட்டம் கொடுத்தவர்கள் யோசனையைக் கொள்ளவில்லை. எனினும், ஆங்கில ஆட்சி இங்கே நிலைபெற வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1899-ல், தொண்ணூற்றாறாம் வயதில் இங்கிலாந்தில் காலமானார்.

2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, மேலணையின் கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் சாய்ந்தன. அதன்பின் அருகே புதிய கதவணை எழும்பியிருக்கிறது. அதைக் காணப் போகிறவர்கள், வண்டியைச் சற்றுக் கிழக்கே ஓட்டிக் கல்லணையையும் பார்த்துவிட்டு வரலாம்.