நடுவயதில் நேரும் குடற்பிணி

பிணிகளுள் வெளிப்பட உரைக்கத்தக்கன என்றும், உரைக்க நாணத்தக்கன என்றும் நாம் இருவகை வகுத்து வைத்திருக்கின்றோம். தலைவலியைப் பத்துப்பேர் நடுவே கூறுவோம். ஓயாத வயிற்றுப்போக்கையோ இல்லத்தாரிடத்தும் மறைப்போம். நாற்பதைக் கடந்தபின் குடலின் இயல்பு மாறுமாயின், வயதின் கோளாறு என்று நமக்கு நாமே தேறுதல் கூறிக்கொள்வோம். இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைப்பதென்பதே நமது கருத்து.

சான்றாகச் சீலியாக் என்னும் பிணியை எடுத்துக்கொள்வோம். 1888ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ இதனை விவரித்தபொழுது, இது எவ்வயதினரிடத்தும் காணப்படுவதென்றும், தீருமாயின் உணவுமுறையாலேயே தீருமென்றும் எழுதினார். கோதுமையே இதற்குக் காரணமென்பதை ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ ஆராய்ந்து, 1950இல் நூலாக வெளியிட்டார். கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், பிறவியில் அதற்கேற்ற கூறுடையார் சிலரது உடலிற் புகுங்கால், உடலைக் காக்கும் ஆற்றலே திரிந்து, சிறுகுடலின் உட்புறத்துள்ள நுண்ணிய உறிஞ்சிகளை அழிக்கின்றது. உண்ட உணவின் சத்தும் உடலிற் சேராதொழிகின்றது.

நாற்பதாண்டு உண்டு பழகிய உணவு இன்று பகையாகுமோ எனின், ஆகும். பழக்கம் காப்பன்று. அன்றியும், முதிர்ந்தோரிடத்தில் வயிற்றுக்கோளாறு தோன்றாமலே, இரத்தக்குறைவும், எலும்பு மெலிவும், நீங்காச் சோர்வும் மட்டுமே புலப்படுதலும் உண்டு.

இது கோதுமையுண்ணும் வடநாட்டார் பிணியன்றோ எனச் சிலர் வினவலாம். அங்கே மிகுதியென்பதும், தெற்கே அரிதென்பதும் மெய்யே. எனினும், இரவில் சோற்றை விடுத்துச் சப்பாத்தி உண்ணும் இல்லங்கள் இன்று நம்மிடையே பல. ரவையும் மைதாவும் கோதுமையே. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமைமா கலப்பதுண்டு.

நிற்க, மறைத்தல் ஒரு பிழையாயின், வைத்தியரை நாடாது தாமே முடிவு கட்டுதல் மற்றொன்று. ஐயத்தினால் கோதுமையை முன்னரே விலக்கியவர்க்கு, இரத்தப் பரிசோதனையும் குடற்சதைப் பரிசோதனையும் பிணியில்லை என்றே பொய் காட்டக்கூடும். ஆதலின் முதலிற் சோதனை, பின்னர்ப் பத்தியம். பிணி உறுதிப்பட்டால் அப்பத்தியம் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. இனி, மலத்தில் இரத்தங் கண்டதும் மூலமென்று எண்ணி வாளாவிருப்போர் எத்துணையர்! குடலழற்சியும் குடற்புற்றும் அவ்வாறே தொடங்குதல் கூடும். புற்றினைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பெற்றோர் இத்தகைய துன்பத்தைத் தாமாக வாய்விட்டுக் கூறார். நீங்களே பரிவுடன் வினவுமின். வைத்தியரிடம் உடன் செல்லுமின். ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமாகிய நடுவயதினரே, வினவுவார் வருமளவும் காத்திராது நீங்களே உரைமின். நாணத்தினால் உயிரிழத்தல் அறிவுடைமையாகாது.