காதோடு பேசும் கருவி கரகரத்தால்...

ராயப்பேட்டைச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "பையன் வாங்கித் தந்த இயர்பட்ஸில் ஆறு மாதம் பாட்டு தேனாய்ப் பொழிந்தது. இப்போது வலது காதில் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலிருக்கிறது. 'தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள், அம்மா' என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. ஏதாவது வழி உண்டா?"

மனசு வராதது நியாயந்தான். குக்கரில் விசில் வரவில்லையென்றால் குக்கரையா வீசி எறிகிறோம்? வெயிட்டைக் கழற்றி, துவாரத்தில் பருக்கை அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். இந்தக் குட்டிக் கருவிக்கும் அநேகமாக அதே வைத்தியந்தான்.

ஆனால், வைத்தியத்துக்கு முன்னால் நோயாளி யார் என்று தெரியவேண்டுமல்லவா? வலது காதில் வைப்பதை இடது காதிலும், இடது காதில் வைப்பதை வலது காதிலும் ஒரு நிமிஷம் மாற்றி வைத்துக் கேளுங்கள். சரியாகப் பொருந்தாது, கையால் பிடித்துக்கொண்டால் போதும். மந்தமான சப்தம் கருவியோடு சேர்ந்து இடது காதுக்கு வந்துவிட்டதா? குற்றம் காதில் இல்லை. கருவி மாறியும் வலது காதிலேயே மந்தம் நிற்கிறதா? அது வேறு சங்கதி. அதைக் கடைசியில் சொல்கிறேன், அவசியம் படியுங்கள்.

கருவிதான் என்று தெரிந்தால், அதன் வாயிலுள்ள சல்லடையை வெளிச்சத்தில் பாருங்கள். காதுக் குறும்பியும், சென்னை வேர்வையும், தலைக்கு வைக்கும் எண்ணெயும் சேர்ந்து அதில் மெழுகு போல் படிந்திருக்கும். ரப்பர் குமிழைக் கழற்றி, சல்லடை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் இலேசாகத் தட்டித் துடையுங்கள். கொண்டை ஊசி, ஊக்கு இவற்றின் பக்கமே போகவேண்டாம். சல்லடை கிழிந்தால் கதை முடிந்தது. வாயால் ஊதினால் அழுக்கும் ஈரமும் உள்ளேதான் போகும். குமிழை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாய் உலர்ந்த பிறகு மாட்டலாம்.

"சப்தம் வருகிறது, ஆனால் மிருதங்கம் கேட்கவில்லை, தாளம் மட்டும் ஜல் ஜல்லென்கிறது" என்றால் குமிழின் அளவு சரியில்லை என்று அர்த்தம். காதை அது இடைவெளியில்லாமல் மூடினால்தான் கனத்த நாதம் உள்ளே நிற்கும். வாங்கும்போதே பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவுகள் வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள், பெட்டியோடு பரணுக்குப் போயிருக்கும்! இரண்டு காதும் ஒரே அளவாயிருக்க வேண்டுமென்ற சட்டமில்லை. ஒன்றுக்குச் சிறியது, ஒன்றுக்கு நடுத்தரம் என்று மாட்டினால் தவறில்லை. தொலைந்துபோயிருந்தால், மவுண்ட்ரோடு பக்கத்து ரிச்சி தெருவில் விசாரியுங்கள். பழைய குமிழைக் கையோடு கொண்டு போவது நல்லது.

அடுத்தது, போனைச் சோதிக்கவேண்டும். செட்டிங்க்ஸில் 'அக்ஸஸிபிலிட்டி' என்ற பகுதியில் இடது, வலது சமநிலைக் கோடு ஒன்று உண்டு. குழந்தைகள் விளையாட்டாய் அதை ஒருபக்கம் தள்ளியிருந்தால், மற்றப் பக்கம் ஊமையாகிவிடும். பேசும்போது மட்டும் குரல் தகரம் மாதிரி ஒலித்தால் பயப்பட வேண்டாம். மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது, அநேகக் கருவிகளில் சங்கீதத்துக்கான நல்ல வழி மூடி, பேச்சுக்கான குறுகலான வழி திறக்கிறது. பேசி முடித்ததும் பழையபடி ஆகிவிடும்.

விட்டு விட்டுக் கேட்கிறதா? அது காற்றில் வரும் தடங்கல். புளூடூத் என்பது 1994-இல் ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் கம்பெனியில் துவங்கிய முயற்சி. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஒருவரின் பட்டப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ராஜா பெயர் இருந்தாலும் பலம் என்னவோ சொற்பந்தான். அது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பல வீடுகளின் வைஃபையும் நடமாடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே வரிசையில் வேலை செய்கிறது. அடுப்பில் பாயசம் சுடும்போது பாட்டு திக்கினால் காரணம் புரிகிறதல்லவா? இன்னொன்று: நம் உடம்பிலுள்ள நீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். போனை இடுப்பின் பின்பக்கம் செருகாமல் முன்பக்கம் வைத்துப் பாருங்கள்; பாதித் திக்கல் போய்விடும்.

இதற்கும் மசியாவிட்டால், போனில் அந்தக் கருவியின் பெயரை அழித்துவிட்டுப் புதிதாய் இணையுங்கள். அது டிவியோடோ கணினியோடோ ரகசிய உறவு வைத்திருந்தால் அதையும் துண்டியுங்கள். சார்ஜ் ஏறும் சின்ன உலோகப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று வருஷம் உழைத்த கருவியானால், பாட்டரிக்கு வயதாகிவிட்டதென்று கொள்ளலாம். அப்போது பிள்ளை சொல்வதைக் கேட்பதில் கௌரவக் குறைவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். சப்தம் குறைந்துவிட்டதே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அடைப்பு இருப்பது ஒரு பக்கம். அடி விழுவது நல்ல காதுக்கு! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான். போனின் முழுச் சப்தத்தில் அறுபது சதவிகிதத்தைத் தாண்டாதிருப்பது உசிதம் என்றும் அது கூறுகிறது. உட்செவியின் நுண்ணிய மயிர்ச்செல்கள் போனால் போனதுதான். முடியைப் போல் மறுபடி முளைப்பதில்லை.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருவோம். கருவியை மாற்றியும் அதே காதிலேயே மந்தம் நின்றால், குறும்பி அடைப்பாக இருக்கலாம். டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். ஆனால் ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளில், திடீரென்று ஒரு காது மங்கியிருந்தால், கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ இருந்தால், அது உட்செவி நரம்பின் கோளாறாகவும் இருக்கலாம். சூட்டோடு சூடாக மருந்து ஆரம்பித்தால் கேட்கும் சக்தி திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறையும். "தீபாவளி கழியட்டும், பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடும் விஷயமல்ல. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகவேண்டும். உங்கள் பேட்டையிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, சகோதரி!

வீட்டில் பெரியவர்கள், "சப்தம் கேட்கிறது, சொல்தான் புரியவில்லை" என்கிறார்களா? வயதில் வரும் செவிக்குறை பெரும்பாலும் அப்படித்தான் பேச்சில் தொடங்குகிறது. அவர்களுக்குப் புதுக் கருவி வாங்கித் தருவதைவிட, ஒருமுறை காதைச் சோதிக்க அழைத்துப் போவது பெரிய உபகாரம். கருவி கெட்டால் கடைத்தெருவில் வேறு கிடைக்கும். காதுக்கு ஏது கடை?