என்ன விளையாடுகிறாய், மகனே?

“எந்நேரமும் கேம்தான்!” இந்த முறைப்பாட்டைச் சொல்லாத தாய்மார் இன்று குறைவு. பரீட்சை நெருங்கினால் கையடக்கத் தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். “எத்தனை மணித்தியாலம் விளையாடினாய்?” என்று கேட்கத் தெரிந்த எமக்கு, “என்ன விளையாடினாய்?” என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கிளித்தட்டு மறித்ததையும் கொக்கான் வெட்டியதையும் நாம் மறந்துவிட்டோமா? 1997இல் நொக்கியா 6110 தொலைபேசியோடு வந்த பாம்பு விளையாட்டை அப்பாவிடம் கெஞ்சி வாங்கி விளையாடியவர்களும் நம்மில் இருப்பார்கள். ஒவ்வொரு வயதிலும் ஒரு விளையாட்டு மனதில் பதிந்துவிடுகிறது. அந்த வயதுக்குத் தேவையான எதையோ அது கொடுத்திருக்கும்.

சின்ன வயதுக்குத் தேவை, தோற்றாலும் எழும்பும் தைரியம். 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். எப்படி விளையாடுவது என்று திரையில் யாரும் பாடம் நடத்துவதில்லை. எதிரே வரும் சிறு உருவத்தில் மோதினால் தோல்வி. அடுத்த முறை பிள்ளை தானாகவே பாயப் பழகிவிடும். பிழை விட்டதற்கு அங்கே ஏச்சு இல்லை.

பத்து வயதளவில் பிள்ளைக்குத் தானே ஒன்றை உருவாக்க ஆசை வரும். 2011இல் முழுமையாக வெளியான, சுவீடனில் பிறந்த மைன்கிராஃப்ட் அந்த ஆசைக்கு இடம் கொடுக்கிறது. கட்டிகளை அடுக்கி வீடும் பாலமும் ஊரும் கட்டலாம். 2023ஆம் ஆண்டளவில் இதன் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

பதின்ம வயதின் தேவை துணை. 2012இல் வெளிவந்த ஜேர்னி என்ற விளையாட்டில் பாலைவனத்தின் ஊடாக ஒரு மலையை நோக்கிப் போக வேண்டும். வழியில் உலகின் எங்கோ இருக்கும் இன்னொருவர் எதிர்ப்படுவார். பேசவோ எழுதவோ முடியாது. ஓர் இசை ஒலியை மட்டும் எழுப்பலாம். அவரது பெயர் கூட முடிவில்தான் தெரியவரும். ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் உதவியபடி நடப்பார்கள்.

பெற்றோரான பின்பும் ஒரு விளையாட்டு நெஞ்சைத் தொடலாம். அமெரிக்காவின் ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியரின் மகன் ஜோயல், புற்றுநோயால் 2014இல் ஐந்து வயதில் இறந்தான். அவனோடு வாழ்ந்த நாட்களை அவர்கள் தட் டிராகன், கேன்சர் என்ற விளையாட்டாக 2016இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு வைத்தியசாலைக் காட்சி வரும். பிள்ளை அழுகிறது, விளையாடுபவர் என்ன செய்தும் அழுகையை நிறுத்த முடிவதில்லை. நோயாளிப் பிள்ளையை இரவு முழுக்க மடியில் வைத்திருந்த தாய்க்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதற்காக எல்லா விளையாட்டும் நல்லவை என்று சொல்லவில்லை, சகோதரிகளே. ஐரோப்பாவில் 2003 முதல் நடைமுறையில் உள்ள பெகி முறைப்படி விளையாட்டுகளில் 3, 7, 12, 16, 18 என வயது குறிக்கப்படுகிறது. 18 என்று போட்டதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. விளையாட்டுக்குள்ளேயே பணம் கேட்பவையும் உண்டு. வங்கி அட்டை இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கத்தை ஒரு நோய்நிலையாகச் சேர்த்த பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. தன்னால் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே பெரிதாதல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். இவை பொதுவாக ஒரு வருடமளவு நீடித்தால்தான் நோய் எனக் கொள்வர். விடுமுறையில் இரண்டு நாள் கூடுதலாக விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

நேரக் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் தன் விளையாட்டைப் பற்றி ஒன்றுமே அறியாத தாயின் கட்டளை, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வெறும் அதட்டலாகவே கேட்கும். அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பாருங்கள். “இதில் உனக்கு எது பிடிக்கும்? சின்ன வயதில் எது பிடித்தது?” என்று கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளையும் அதைப் பற்றிக் கேட்டால் பேசும். அந்தப் பேச்சில் பள்ளிக்கூடத்துக் கவலையும் நண்பனோடு வந்த கோபமும் கூட வெளிவரலாம்.