பன்னிரண்டு போதும்

ஆங்கிலத் தொலைக்காட்சியின் பழைய ஹாஸ்ய நாடகங்களுள் 'பால்டி டவர்ஸ்' என்பதன்பால் எமக்குள்ள பற்றினைப் பித்தென்று நண்பர் நகைப்பர். நகைக்க. ஜான் கிளீஸ், கானி பூத் என்னும் இருவர் எழுதி நடித்த அந்நாடகம் 1975-ல் ஆறு பகுதியும் 1979-ல் ஆறு பகுதியுமாக பி.பி.ஸி.யில் வெளிவந்து நின்றுவிட்டது. பதின்மூன்றாவது வேண்டுமென்று அபிமானிகள் பலர் நெடுநாள் ஏங்கினர். யாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தோமல்லோம்.

டார்க்கீ என்னும் கடற்கரையூரில் விடுதி நடத்தும் பேசில் ஒரு சிறு பொய் சொல்லுவான். அதனை மறைக்க மற்றொன்று. அதனையும் காக்க ஓடுவான், ஒளிவான், ஸ்பெயின் தேசத்துப் பணியாள் மானுவேலை அறைவான். விருந்தினர் பசித்துக் காத்திருக்க, உணவு கொணரச் சென்ற மோட்டார் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அவன் வண்டியை எச்சரித்து, மூன்றெண்ணி, மரக்கிளை கொண்டு அதனைப் புடைப்பான்! வருவது இன்னதென்று அறிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் வயிறு நோகச் சிரிக்கின்றோம். முதற்காட்சியிற் போட்ட முடிச்சு அங்கேதான் இறுகுகின்றது. இவ்வாறு முடிச்சிட இருவரும் ஒவ்வொரு பகுதிக்கும் வாரக்கணக்கில் உழைத்தனர். அவர்கள் கணவன் மனைவியாயிருந்து 1978-ல் மணவிலக்குப் பெற்றவர். இரண்டாந் தொகுதி அடுத்த ஆண்டே வெளிவந்தது என்பது வியப்பன்றோ!

நிற்க. பின்னர் பூத் அம்மையார் நடிப்பைத் துறந்து உளநல மருத்துவத் துறை புகுந்தனர். 2023-ல் கிளீஸ் தம் மகளாருடன் தொடர்ச்சி எழுதப்போவதாகச் செய்தி வந்தபோது எமக்கு அச்சமே மிகுந்தது. அம்மையாரின் கையின்றி அம்முடிச்சு விழுமென்று யாம் நம்பவில்லை. வரும் விடுமுறையில், வழக்கம்போல, முதற் பகுதியிலிருந்து தொடங்குவோம்.