படிக்கிற பிள்ளை பாலிடெக்னிக் போகக்கூடாதா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் ஒரு தீர்ப்பு காதில் விழும்: நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், மார்க் குறைந்தால் பாலிடெக்னிக். அப்பா சொல்கிறார், அத்தை சொல்கிறார், டியூஷன் வாத்தியார் சொல்கிறார். பள்ளிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். பாலிடெக்னிக் சேர்க்கைத் துண்டறிக்கை வந்தால் அது கடைசி பெஞ்சுக்காரர்களைத் தேடிப்போகும். முதல் பெஞ்சில் இருப்பவர் கண்ணில் படாது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன் நான். சேர்க்கைக் காலத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "என்ன சார், 460 எடுத்த பையனைப் போய் டிப்ளமோவுல சேர்க்கச் சொல்றீங்களே?"

ஆமாம், 460 எடுத்த பையனைத்தான் சொல்கிறேன். மோட்டாரைக் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராத பிள்ளை, வயரைக் கண்டால் எங்கே போகிறது என்று பின்தொடர்கிற பிள்ளை, பொறியாளராகத்தான் போகிறேன் என்று பதினைந்து வயதிலேயே சொல்கிற பிள்ளை. அவர்களுக்கு மார்க் எவ்வளவு வந்தாலும் டிப்ளமோ நல்ல வழி. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைச் சொல்ல மாட்டேன். அங்கே பதினொன்று, பன்னிரண்டில் உயிரியல் படித்தே ஆக வேண்டும். வரலாறோ இலக்கியமோ படிக்க விரும்புகிற பிள்ளையும் பன்னிரண்டு முடித்து கலைக் கல்லூரிக்குப் போகட்டும். எப்படியும் இன்ஜினியரிங்தான் என்று வீட்டில் முடிவெடுத்துவிட்ட பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன். தமிழ்நாட்டில் அவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்துக்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு, அதன்மேல் நான்கு வருடம் பி.இ.: மொத்தம் ஆறு வருடம். பத்துக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு, அங்கே மூன்று வருடம்: இதுவும் ஆறு வருடம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதில் ஒரே பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். இரண்டாமவரிடம் கூடுதலாக ஒரு டிப்ளமோ இருக்கிறது. நடுவில் குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதினெட்டு வயதில் அதைக் கொண்டு வேலைக்குப் போகலாம். ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வை எழுதலாம். முதலாமவர் அதே பதினெட்டு வயதில் வைத்திருப்பது பிளஸ் டூ மார்க் ஷீட்.

இந்த நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை ரகசியமும் அல்ல, சிபாரிசில் கிடைப்பதும் அல்ல. அதற்கென்று தனிக் கலந்தாய்வு உண்டு. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி அதைப் பல ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியிருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய பெற்றோருக்குத்தான் தெரிவதில்லை.

இன்னும் வேதனையான கணக்கு ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளப்பட்ட பிள்ளைகளில் கணிசமானவர்கள் பன்னிரண்டில் மார்க் சரிந்த பிறகு எங்களிடமே வருகிறார்கள். அவர்களை டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வோம். பள்ளியில் இரண்டு, இங்கே இரண்டு, ஆக நான்கு வருடம். பத்து முடித்ததும் வந்திருந்தால் மூன்றில் முடிந்திருக்கும். போனது ஒரு வருடம் மட்டுமா? "நமக்குப் படிப்பு வராது" என்ற எண்ணத்தோடு வந்து உட்கார்கிறார்கள். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆகிறது.

"பதினைந்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், அதுக்குள்ள முடிவெடுக்கச் சொல்லலாமா?" என்று அக்கறையோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் அதை யாரும் கேட்பதில்லை. ஃபர்ஸ்ட் குரூப்பா, வணிகவியலா என்று பதினொன்றாம் வகுப்பில் எடுப்பதும் அதே வயதில் எடுக்கும் முடிவுதான். வணிகவியல் எடுத்த பிள்ளை பிறகு மனம் மாறினால் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ அந்த வழியாகத் திரும்ப முடியாது. அந்த வயதில் கல்லூரிக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. 1978-இல் மேல்நிலைப் பள்ளி முறை வரும்வரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போனார்கள். பதினாறு வயதில் ஹாஸ்டலில் தங்கி, பேராசிரியர்களிடம் படித்து வளர்ந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக நம் வீடுகளில் இருக்கிறார்கள். கல்லூரிக் காற்று பட்டு அவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை.

பதினொன்று, பன்னிரண்டு என்ற அந்த இரண்டு வருடத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது அரசு. 2025-இல் அந்தத் தேர்வும் கைவிடப்பட்டது. இப்போது நீட், ஜேஇஇ கோச்சிங் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. விடிகாலை ஸ்டடி, மாலை டெஸ்ட், ஞாயிறும் டெஸ்ட். ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும் கட்டணம் கட்டி, பொறியாளராகப் போகிற பிள்ளை ஒரு நட்டைக்கூடக் கையால் திருகாமல் இரண்டு வருடத்தைக் கழித்துவிடுகிறது.

அதே வயதுப் பிள்ளை என் ஃபிட்டிங் ஷாப்பில் என்ன செய்கிறது என்று வந்து பாருங்கள். கையில் ஒரு எம்.எஸ். (மென் எஃகு) பிளேட்டைக் கொடுப்போம். மேலே சாக்பீஸ் தடவி, அளவெடுத்துக் கோடு கீறி, பஞ்ச் அடித்து, வைஸில் இறுக்கி, ஹாக்ஸாவால் அறுத்து, அரம் போட்டு ராவ வேண்டும். பக்கங்கள் ஒன்றுக்கொன்று தொண்ணூறு பாகையில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், இடுக்கில் ஒரு மயிரிழை வெளிச்சம் கசியும். வெளிச்சம் வராத இடத்தில் மேடு. அங்கே மட்டும் இரண்டு இழுப்பு ராவி மறுபடி பிடிக்க வேண்டும். மேட்டை விட்டுவிட்டு அவசரத்தில் பள்ளத்தை ராவியவனுக்குப் புதுப் பிளேட்டோடு முதலிலிருந்து ஆரம்பம். முதல் வாரத்தில் எல்லோர் உள்ளங்கையிலும் கொப்புளம் வரும். மூன்றாவது மாதத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வி வடிவத் துண்டுகளைப் பொருத்திக் காட்டும்போது, அளவு, பிழை, சகிப்பு எல்லை (டாலரன்ஸ்) ஆகியவை அந்தப் பிள்ளையின் விரலில் ஏறியிருக்கும். பி.இ. மூன்றாம் ஆண்டில் டாலரன்ஸ் பற்றிப் பாடம் நடத்தும்போது எந்த மாணவன் தலையாட்டுகிறான், எவன் விழிக்கிறான் என்று பொறியியல் கல்லூரி ஆசிரியர்களைக் கேளுங்கள்.

சிவில் பிரிவுப் பிள்ளைகள் வெயிலில் முக்காலியை நட்டு லெவல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து கணக்கை மூடினால் சில மில்லிமீட்டர் பிசகு இருக்கும். அது எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கிற மதியம், எந்த டெஸ்ட் பேப்பரும் தராத பயிற்சி.

இதையெல்லாம் சொன்னால் வரும் எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு சந்தேகம் எழும். அது எழ வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரி. இன்றும் தொழில் கற்றுத் தருகிறோம் என்று யாராவது வந்தால், யார் பிள்ளைக்கு, என்ன தொழில் என்று முதலில் கேட்பது நம் உரிமை.

ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பாலிடெக்னிக் மேல் சாய்க்கிறவர்கள் இதன் வேலையைப் பார்க்கவில்லை. குலக்கல்வி பிள்ளையை அப்பாவின் தொழிலுக்குள் அடைத்தது. பாலிடெக்னிக் அதே பிள்ளையை அங்கிருந்து வெளியே எடுக்கிறது. என் வகுப்பில் நெசவாளர் மகன் சி.என்.சி. இயக்குகிறான், ஆடு மேய்ப்பவர் மகள் மின்சுற்று வரைகிறாள், சலவைத் தொழிலாளி வீட்டுப் பையன் ஆட்டோகேடில் பாலம் வரைகிறான். இவர்களில் ஒருவரும் பாட்டன் தொழிலைக் கற்க வரவில்லை. உண்மையில் சாதிப் புத்தி ஒளிந்திருப்பது "மார்க் இல்லாதவன் போகட்டும்" என்ற தீர்ப்பில்தான். பேனா பிடிப்பவன் மேல், அரம் பிடிப்பவன் கீழ் என்ற பழைய ஏணியை மார்க் கணக்கில் மறுபடி சாத்தி வைக்கிறோம். படிக்கிற பிள்ளைகளும் இங்கே வந்து அரம் பிடித்தால் அந்த ஏணி நிற்காது.

அரம் பிடிப்பவன் கீழல்ல என்பதற்குக் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு உதாரணம்: பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், மோட்டாரைத் தானே கழற்றிப் பூட்டிக் கற்றவர். 1945-இல் அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் முயற்சியில் தொழில்நுட்பக் கல்விநிலையம் தொடங்கியது. பொறியியலுக்கு நான்கு வருடம் எதற்கு, இரண்டே போதும் என்று வாதாடினார். அரசு ஏற்காததால் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டு போதும் என்பதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் வருடங்கள் காத்திருப்பில் கரைகின்றன என்ற அவருடைய கோபம் எனக்கும் உண்டு.

பாலிடெக்னிக்குகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. லேத் ஓடாத ஷாப் உள்ள சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன. சேர்வதற்கு முன் பெற்றோர் ஷாப்புக்குள் போய், மெஷினில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலோடு தடுமாறி அரியர் வைக்கிறது. லேட்டரல் என்ட்ரியில் போகிறவர்கள் பி.இ. முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே இரண்டாம் ஆண்டின் உருமாற்றங்களிலும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளிலும் போய் விழுகிறார்கள். சில தொழிற்சாலைகள் டிப்ளமோ முடித்தவர்களை டிரெய்னி என்ற பெயரிலேயே வருடக்கணக்கில் வைத்து, ஆபரேட்டர் வேலை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த தொகுதியை எடுக்கின்றன. இந்தக் குறைகளைச் சரிசெய்யக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் படித்த, நான்கு பேருக்குத் தெரிந்த பெற்றோர். அவர்கள் பிள்ளைகள் இங்கே இல்லை. அதனால் குரலும் இல்லை.

இத்தனைக்கும் கதவுகள் திறந்தே இருக்கின்றன. அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய், டிப்ளமோ படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. தொழிற்பழகுநர் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி கிடைக்கிறது. தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது.

அரசின் 'கல்லூரிக் கனவு' என்ற உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சி நல்ல முயற்சி. ஆனால் அது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. பாதை பிரிவதோ பத்தாம் வகுப்பு முடிவில். அந்த நிகழ்ச்சியைப் பத்தாம் வகுப்புக்கும் கொண்டுவர வேண்டும். தேர்வு முடிவுக்குப் பிறகு அல்ல, ஜனவரியிலேயே. முதல் மார்க் பிள்ளையும் கடைசி மார்க் பிள்ளையும் ஒரே பேருந்தில் ஏறிப் பக்கத்துப் பாலிடெக்னிக்கின் ஷாப்பில் ஒரு பகல் இருந்துவிட்டு வரட்டும். லேட்டரல் என்ட்ரியில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்லூரி திறப்பதற்கு முன் ஆறு வாரம் கணித வகுப்பு நடத்துவதை அண்ணா பல்கலைக்கழகம் கட்டாயமாக்க வேண்டும். மார்க் ஷீட்டைக் கையில் கொடுக்கும் நாளில் தலைமையாசிரியர்கள் அந்த இரண்டு ஆறு வருடக் கணக்கையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதற்கும் காட்ட வேண்டும். 460 எடுத்தவனின் அப்பாவும் அந்த அறையில் இருக்க வேண்டும்.